புதுக் குதிரையைக் கூட்டத்தில் சேர்ப்பது: வண்டியிலிருந்து இறங்கும் நாள் முதல் அது படுத்து உறங்கும் நாள் வரை

போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலிருந்து ஒரு மயிலைப் பெட்டைக் குதிரை எங்கள் தோட்டத்துக்கு வந்தது. பின்கதவைத் திறந்தும் அது இறங்கவில்லை. மூக்கை மட்டும் வெளியே நீட்டி, சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த காற்றை மூன்று முறை ஆழமாக இழுத்தது. தோட்டத்தின் மறுகோடியிலிருந்து எங்கள் செவலை கனைத்தது. புதியது பதிலுக்குக் கனைத்தபோது அதன் விலா முழுக்க அதிர்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுத்தில் கை வைத்தேன், தோல் நனைந்திருந்தது. அத்தனை பயத்திலும் அது பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்கியது.

நாங்கள் இருப்பது குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையில், மலையடிவாரத்தில். 11 வருடங்களில் ஏழு முறை புதுக் குதிரையைக் கூட்டத்தில் சேர்த்திருக்கிறேன். அதில் இரண்டு முறை தவறு செய்தேன், இரண்டுக்கும் குதிரைகள்தான் விலை கொடுத்தன. குதிரையோடு மனதார ஒன்றிப் போவது எப்படி என்று கேட்பவர்களுக்கும், இரண்டாவது மூன்றாவது குதிரை வாங்கப் போகிறவர்களுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். அந்த ஒட்டுதலை நான் கற்றது, ஒரு புதுக் குதிரையை மற்ற குதிரைகள் எப்படி ஏற்கின்றன என்று பார்த்துத்தான். அவை அவசரப்படுவதில்லை. நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். விலகுவதற்கு இடம் இருந்தால்தான் நெருங்கும்.

முதலில் இருக்கும் கூட்டத்தைப் பாருங்கள்

வாங்கப் போகும் முன் பத்து நாளாவது உங்கள் குதிரைகளைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் போவது எது? எது வந்தால் எது விலகுகிறது? எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் வால் மற்றதன் முகத்து ஈயை ஓட்டும்படி நிற்கிற ஜோடி எது? மதியம் ஒன்று படுத்தால் நின்று காவல் காப்பது எது?

கூட்டத்தில் ஒரே ஒரு தலைமைக் குதிரை இருந்து எல்லாவற்றையும் முடிவு செய்வதாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. எங்கள் தொட்டியில் முந்துவது காரி. காதை மடக்கினால் போதும், மற்றவை ஒதுங்கும். ஆனால் மேய்ச்சலுக்குக் கிளம்பினால் காரி உட்பட எல்லாமே செவலைக்குப் பின்னால்தான் போகும். செவலை யாரையும் கடிப்பதில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் புதியதற்கு எதைத் துணையாக விடுவது என்று பின்னால் முடிவு செய்ய முடியும்.

ஒரு விஷயம். நான் சொல்வதெல்லாம் பெட்டைக் குதிரைகளுக்கும் காயடித்த ஆண் குதிரைகளுக்கும்தான். காயடிக்காத ஆண் குதிரை இருந்தால் இந்த முறை பொருந்தாது. அனுபவமுள்ளவர் ஒருவர் கூட இல்லாமல் அதை மற்றவற்றோடு விடவே வேண்டாம்.

இடத்தைத் தயார் செய்யுங்கள்

சேலம் பக்கம் தோட்டத்து வேலி என்றால் கல்லுக்காலும் முள்கம்பியும்தான். கல்லுக்கால் இருக்கட்டும். முள்கம்பியை எடுத்துவிடுங்கள். என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. வந்த அன்று சாயங்காலமே ஒரு இளம் குதிரையைக் கூட்டத்துக்குள் விட்டேன். இரண்டு நிமிடத்தில் மூலைக்குத் துரத்தப்பட்டு, வழி தெரியாமல் கம்பியில் நெஞ்சைக் கொடுத்தது. தையல் பிரிக்கும் வரை ஒவ்வொரு நாளும் அந்தக் காயத்தைக் கழுவியவன் நான். இப்போது எங்கள் வேலியில் தைல மரக் கம்புதான். மூலைகளில் குறுக்காகக் கம்பு கட்டி வளைவாக்கியிருக்கிறோம், துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கலாம், மாட்டிக்கொள்ளாது.

தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒரே தொட்டி என்றால் ஆதிக்கக் குதிரை அதன் முன்னால் நின்றே புதியதைத் தாகத்தில் வைத்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் தேவை.

அப்புறம் விஷமுள்ள செடிகள். புது இடத்தில் பதற்றத்தில் இருக்கும் குதிரை கண்டதைக் கடிக்கும். அரளியை வேரோடு எடுங்கள். வேலியோரத்து உண்ணிச்செடியையும் அப்படியே. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் வெண்ணெய்ப்பழ மரம் நிறைய. அதன் இலை குதிரைக்கு ஆகாது. மலைக்குக் கீழே மரவள்ளி. அதன் இலையிலும் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளிச் சக்கையான திப்பியை மாட்டுக்குப் போடுகிறோமே என்று குதிரைக்கும் வைக்காதீர்கள். இளம் சோளப் பயிரும் அதே கதைதான். எல்லாவற்றையும்விட முக்கியம்: நாமக்கல் பக்கத்தில் இருக்கிறோம், கோழித் தீவன மூட்டை எந்தத் தோட்டத்திலும் கிடக்கும். கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமல் இருக்கச் சில தீவனங்களில் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்து, குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். கொஞ்சம் போதும். அந்த மூட்டையைப் பூட்டி வையுங்கள்.

வாங்கும்போது

சந்தையில் பெரியவர்கள் சுழி பார்ப்பார்கள். நெற்றியில், கழுத்தில், விலாவில் என்று ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பலன் உண்டு. நான் அதை மதிக்கிறேன். சுழி தேடும் சாக்கில் ஒருவர் குதிரையின் உடம்பை அடி முதல் முடி வரை கையால் தடவிப் பார்க்கிறார், குதிரையும் அவரை மோந்து பார்க்கிறது. ஆனால் சுழி நோயைக் காட்டாது. விலை பேசி முடிக்கும் முன் கால்நடை மருத்துவரை அழைத்து வாருங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றாக வேண்டும். ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் சோதித்துவிடுங்கள். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது நமக்கு வசதி.

கிளம்பும்போது பழைய இடத்துத் தீவனம் இரண்டு மூட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தீவனத்தைத் திடீரென மாற்றினால் வயிற்றுவலியில் விழும். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள். கொள்ளு என்றால் ஊறவைத்தோ வேகவைத்தோதான். எத்தனை கொள்ளு வைத்தாலும் புல்தான் உயிர். 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்குக் காய்ந்த கணக்கில் ஐந்தாறு கிலோ சோளத்தட்டும் புல்லும் நாள் முழுக்கக் கொறிக்கக் கிடைக்க வேண்டும்.

மூன்று வாரம் தனியாக

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். நானும் தாண்டினேன், அதுதான் என் இரண்டாவது தவறு. நான்காவது வருடம் வாங்கிய குதிரைக்கு மூக்கில் லேசாகத் தண்ணீர் வடிந்தது. விற்றவர் சளிதான் என்றார், நம்பினேன். ஒன்பதாம் நாள் தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவு கட்டி, உடைந்து சீழ். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய். ஒரே தொட்டியில் குடித்த மற்ற மூன்றுக்கும் வந்தது. செவலை ஒரு வாரம் தலையைத் தூக்க முடியாமல் நின்றதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே குறைந்தது 21 நாள். மற்ற குதிரைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் 150 அடியாவது தள்ளி. தனிமையில் எதையும் பார்க்காமல் கட்டிப்போட்டால் குதிரை மனமொடிந்து போகும். தனி வாளி, தனிப் பிரஷ், தனிக் கயிறு. முதலில் பழைய குதிரைகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள், பிறகு கை கால் கழுவுங்கள். தினமும் காலையில் காய்ச்சல் பாருங்கள். ஆரோக்கியமான குதிரைக்கு 99.5 முதல் 101.5 டிகிரி வரை இருக்கும். தாடைக்குக் கீழ் விரல் வைத்தால் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. சாணம் எத்தனை முறை போடுகிறது என்று எண்ணுங்கள். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைத் தோண்டுவது, சாணமே போடாமல் உருளுவது என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவரை எழுப்புங்கள். டெட்டனஸ் ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் இந்த நாட்களிலேயே.

அந்த மூன்று வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது

உட்காருவது. அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கு, தீவனம் வைத்து முடித்த பிறகு, அதன் இடத்துக்குள் ஒரு ஓரமாக, எழுந்து விலக வசதியாக ஒரு கல்லில் உட்காருவேன். கையில் கயிறு இருக்காது, வெல்லம் இருக்காது, போன் இருக்காது. நேருக்கு நேர் பார்க்க மாட்டேன், தோளைச் சற்றுத் திருப்பியிருப்பேன். குதிரையின் கண் பக்கவாட்டில் இருப்பதால் அதற்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடத்திலும் நாம் போய் நிற்காமல் இருந்தாலே அதன் பாதி பயம் போய்விடும்.

மயிலை வந்த முதல் மூன்று நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான்காம் நாள் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. மற்றொரு காது மலைப் பக்கம். குதிரை இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பும், அதன் கவனம் எங்கே இருக்கிறது என்று காதே சொல்லிவிடும். ஏழாம் நாள் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. மீசை மயிர் என் பிடரியில் பட்டது, சூடான மூச்சு சட்டைக்குள் போனது, அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு விலகிப் போய்விட்டது. அன்று எனக்கு அது போதும். எழுந்து பின்னால் போயிருந்தால் இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

நம் மனநிலை குதிரைக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகள் அதை இடது கண்ணால் பார்க்கத் தலையைத் திருப்பின, இதயத் துடிப்பு சீக்கிரம் ஏறியது. வெறும் படத்துக்கே அப்படி. வங்கிக் கடனை நினைத்துக்கொண்டு நாம் லாயத்துக்குள் நுழைந்தால் அதற்குத் தெரியாமல் போகுமா? நான் வாசலில் நின்று மூச்சை நிதானமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இதைத்தான் நான் வழிபாடு என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் எல்லையில் முனியப்பன் சாமிக்கு முன்னால் மண்குதிரைகள் நிற்கின்றன. ஒரு காலைத் தூக்கி, காதை நிமிர்த்தி, ராத்திரியெல்லாம் ஊருக்காக விழித்திருப்பவை என்று பாட்டி சொல்வார். உயிருள்ள குதிரையும் அப்படித்தான், எந்நேரமும் விழிப்பில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அரைமணி நேரம் வேறு எதையும் வேண்டாமல் உட்கார்ந்தால் நமக்கும் அந்த விழிப்பு வந்துவிடும். கோயிலில் கண்ணை மூடி எனக்குக் கிடைக்காதது இங்கே கண்ணைத் திறந்து கிடைக்கிறது.

தொடுவதானால் முகத்தைத் தொடாதீர்கள். பிடரி மயிர் முடிகிற இடத்தில், முதுகு மேடு தொடங்கும் இடத்தில் விரல் நுனியால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றை ஒன்று கடித்துச் சொறிந்துகொள்வது அங்கேதான். அந்த இடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. மேல் உதடு நீண்டு துடித்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

பெயரும் இந்த நாட்களில்தான் வரும். கொல்லிமலையை ஆண்ட ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், அவனோடு போரிட்ட காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் சொல்லிப் பாடிய நாடு இது. எங்கள் மயிலைக்கு மஞ்சு என்று வைத்தோம். ஆவணி மழைக்குப் பிறகு மலைமேல் இறங்கும் மஞ்சின் நிறம் அதற்கு.

வேலியோரம் பத்து நாள்

21 நாள் நோயில்லாமல் கழிந்தால் பக்கத்துப் பக்கத்தில் விடலாம். அதற்கு முன்னால் வாசனையை அனுப்புங்கள். செவலையைத் தேய்த்த சாக்குத் துணியை மஞ்சுவின் கம்பில் போட்டேன், மஞ்சுவின் துணியை அந்தப் பக்கம். காரி அதை மோந்துவிட்டு மேல் உதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நின்றது. வாசனையைப் படிக்கிறது என்று அர்த்தம்.

நடுவில் கம்பு வேலி, இரண்டு பக்கமும் புல். மூக்கோடு மூக்கு வைத்து மோந்துவிட்டுக் கீச்சென்று கத்தும், முன்காலை வீசும். பயப்பட வேண்டாம், அது அவற்றின் பேச்சு. அந்த நேரத்தில் வேலிப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள். ஏற்காட்டு ஏரிக்கரையில் பல வருடம் சவாரிக் குதிரை வைத்திருந்த ஒரு பெரியவர் முதல் தடவை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கண்ணு, அதுங்க பேசிக்கட்டும். நீ குறுக்க போகாத. உனக்கு அடிபட்டா அதுங்களுக்கும் பயமாயிரும்" என்றார்.

கத்தல் குறைந்து, வேலியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மேய ஆரம்பித்தால் அடுத்த படிக்குப் போகலாம். சிலதுக்கு நான்கு நாளில் நடக்கும். மஞ்சுவுக்குப் பத்து நாள் ஆனது.

ஒரே ஒரு துணை

கூட்டத்தோடு விடும் முன் ஒரு வாரம் ஒரே ஒரு குதிரையோடு விடுங்கள். முதலில் எழுதிய நோட்டை இப்போது எடுத்துப் பாருங்கள். எல்லோரையும் விரட்டும் குதிரை வேண்டாம், எல்லோருக்கும் பயப்படும் குதிரையும் வேண்டாம். மற்றவை தானாகப் பின்தொடரும் நிதானமான குதிரையே துணை. எங்களுக்குச் செவலை. இந்த ஒரு வாரத்தில் புதியதற்கு ஒரு உறவு கிடைத்துவிடும். கூட்டத்துக்குள் போகும்போது அது தனியாளாகப் போகாது. நான் பார்த்தவரை பாதிச் சண்டை இதனாலேயே நின்றுவிடுகிறது.

கதவைத் திறக்கும் நாள்

மழை நாளில் வேண்டாம், ஈரமண்ணில் வழுக்கிக் கால் பிசகும். பங்குனி சித்திரை உச்சிவெயிலிலும் வேண்டாம். காலை நேரம் நல்லது, பகல் முழுக்கக் கண்காணிக்கலாம். பின்கால்களில் லாடம் இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். லாடக் காலால் விழும் உதை எலும்பை உடைக்கும். முகக்கயிற்றையும் அவிழ்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் வயிறாரப் புல் போடுங்கள். பிறகு பெரிய மேய்ச்சல் நிலத்தில், குதிரைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குவியல் அதிகமாகப் புல்லைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். கொள்ளு வைக்காதீர்கள், அதற்குத்தான் அடிதடி வரும். துணைக் குதிரையையும் புதியதையும் முதலில் விடுங்கள், அவை நிலத்தைச் சுற்றி வேலி எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்த்துக்கொள்ளட்டும். அரைமணி கழித்து மற்றவை.

ஓடும், துரத்தும், பின்காலைத் தூக்கும், காற்றில் உதைக்கும், மயிர் பிடுங்கும் அளவுக்கு ஒரு கடி விழும். இதெல்லாம் நடக்கும். அதிகமாக அரைமணி, ஒரு மணி நேரம். துரத்தும் குதிரை நடுவில் நின்று புல் தின்றால் நல்லது. பதற்றம் இறங்கும்போது குதிரைகள் வாயை மென்று உதட்டை நக்கும், அதைக் கவனியுங்கள். குட்டிப் பருவக் குதிரை என்றால் பெரியவற்றின் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடும், நான் சின்னப்பிள்ளை என்று சொல்கிறது.

எப்போது தலையிட வேண்டும்? ஒன்று விடாமல் துரத்தி, புதியது நுரை தள்ளியும் நிற்க விடாவிட்டால். இரண்டு மூன்று சேர்ந்து மூலையில் மடக்கினால். ரத்தம் வந்தால். அப்போது கூட நடுவில் ஓடாதீர்கள். தகர டப்பாவைத் தட்டுங்கள், கதவைத் திறந்து துரத்தும் குதிரையை வெளியே எடுங்கள். புதியதை எடுத்தால் அதற்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். மஞ்சுவைக் கூட்டத்தில் விட்ட அன்று துரத்திய காரியை மதியம் வரை தனியாக வைத்தேன். திரும்பி வந்தபோது செவலையும் மஞ்சுவும் மற்றவையும் சேர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. இப்போது காரிதான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டியிருந்தது.

ராத்திரி புதியதையும் துணையையும் தனியே அடைத்துவிடுங்கள். நான்கைந்து பகல் அமைதியாகப் போன பிறகுதான் இரவிலும் ஒன்றாக விடுவேன்.

சில குதிரைகள் சேரவே சேராது. ஆறு வாரம் கழித்தும் தினம் புதுக் காயம், எடை குறைகிறது, தொட்டிப் பக்கமே போகவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரே ஒரு துணையோடு தனி நிலத்தில் வைத்தால் அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

விலாவில் மண் இருக்கிறதா என்று பாருங்கள்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். படுத்த குதிரையால் சட்டென எழுந்து ஓட முடியாது. ஆகவே பக்கத்தில் நம்பும் ஒன்று விழித்து நிற்கிறது என்று தெரிந்தால்தான் படுக்கும். புது இடத்தில் சில குதிரைகள் பல நாள் படுக்காமலே இருக்கும். நடக்கும்போது முன்முட்டி மடங்கித் தடுமாறும், முட்டியில் சிராய்ப்பு தெரியும். அதனால் தினமும் காலையில் நான் முதலில் பார்ப்பது விலாவைத்தான்.

மஞ்சு கூட்டத்தோடு சேர்ந்தது 39-ஆம் நாள். அதற்குப் பிறகும் நான்கு காலை விலா சுத்தமாகவே இருந்தது. 44-ஆம் நாள் விடியலில், மலையில் இன்னும் மஞ்சு விலகாத நேரத்தில், கம்பு வேலியோரம் போய் நின்றேன். நடுநிலத்தில் அது ஒருக்களித்து நீட்டிப் படுத்திருந்தது, கழுத்து தரையில், கால்கள் லேசாக உதறிக்கொண்டிருந்தன. அதன் தலைமாட்டில் செவலை ஒரு பின்காலைத் தளர்த்தி நின்றது. பத்தடி தள்ளி மறுபக்கம் பார்த்தபடி காரி. நான் வேலியைத் தாண்டவில்லை. எழுந்தபோது அதன் இடது விலாவில் காது முதல் தொடை வரை செம்மண் அப்பியிருந்தது, அன்று அதைத் தேய்க்காமல் விட்டுவிட்டேன்.